போயாவன்று ஓடிய ஃபேன்கள்

பசறைக்கு மேலே ஏறும் பாதையில், பஸ்ஸின் பின் சீட்டில் இருப்பவர் டிரைவரின் முகத்தைப் பார்த்து "இன்னைக்கு சவரம் பண்ணலையா?" என்று கேட்கலாம். வளைவுகள் அப்படி. எழுபது வளைவு தாண்டினால் நிரஞ்சலா வேலை பார்க்கும் தேயிலைத் தொழிற்சாலை.

கூரை முழுக்க சோலார் தகடுகள், கீழே நாலு யானை கட்டும் அளவுக்கு பேட்டரி அறை. இரண்டையும் மேய்ப்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்; அதை மேய்ப்பது நிரஞ்சலா. வெயில் எப்போது வரும், தொழிற்சாலை எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று முன்கூட்டியே கணித்து, பதினைந்து நிமிஷத்துக்கொரு தடவை புதுத் திட்டம் போடும்.

அதற்கு வைத்த மூன்று மாதப் பரீட்சையில் இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. "ஒரு தடவை ஜெனரேட்டர் சத்தம் கேட்டாலும் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி கொழும்புக்கு, நீ கொழுந்து நிறுக்க" என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லியிருந்தார்.

காலை பத்தரைக்கு எங்கோ மரம் விழுந்து வெளிக் கரண்ட் போயிற்று. நிரஞ்சலா திரையைப் பார்த்தாள். பேட்டரியில் தொண்ணூறு சதவீதம் இருக்க வேண்டும். இருந்தது இருபத்திரண்டு!

அப்போதுதான் உறைத்தது. இன்று போயா, பௌர்ணமி. வழக்கமாக லீவு. போன வாரம், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில்தான், போயாவில் வேலை செய்துவிட்டு செவ்வாயன்று கோயில் தேருக்கு லீவு எடுப்பதாக எல்லாரும் பேசி முடித்தார்கள். தோட்டத்து நாய்களுக்குக்கூடத் தெரியும். கம்ப்யூட்டருக்கு மட்டும் அவள் சொல்லவில்லை. தொழிற்சாலை தூங்கும் என்று நம்பிய அது, பகல் வெயிலுக்கு இடம் ஒதுக்க பேட்டரியை விடியுமுன்னே வெளி லைனில் ஊற்றிவிட்டது. வெயிலோ இல்லை. வெட்டியெடுத்து டப்பாவில் அடைக்கலாம் போல மூடுபனி.

மாடியில் இலை வாட்டும் தொட்டிகள் ஆறிலும் ஈரக் கொழுந்து, தொட்டிக்கு ஒரு ஃபேன். ஃபேன் நின்றால் சூடேறிச் சிவந்துவிடும்.

தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் பொன்னையா ஜெனரேட்டர் சாவியோடு வந்து நின்றார். "ஏம்மா, ஒன் சோசியக்காரன் என்ன சொல்றான்?"

"அது மேல தப்பில்லங்க ஐயா. இன்னைக்கு வேலைன்னு நாந்தான் சொல்லல."

"நல்லா இருக்கு! சாவிய திருப்பவா?"

"பதினஞ்சு நிமிசம் குடுங்க."

கம்ப்யூட்டரின் காலண்டரில் லீவை அழித்து வேலைநாள் என்று போட்டாள். கம்ப்யூட்டர் மறுபடி கணித்தது: ஒன்றரைக்கு வெயில் வரும். அதுவரை நாலு ஃபேன்தான் தாங்கும். மிச்ச இரண்டு தொட்டி?

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினாள். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் நின்றிருந்தார்கள்.

"தனலெட்சுமியக்கா, ரெண்டு தொட்டிக் கொழுந்த கையால பொரட்டிக் குடுங்க. ஃபேன நிறுத்தப் போறேன்."

"போயாவுல வேலைக்கு வந்தா ஃபேனாவும் ஆக்கிப்புட்டியே!" என்று தனலெட்சுமி முந்தானையைச் செருகினாள். இருபது கைகள் கொழுந்தை உதறிய வேகத்தில் பதுளை வரை காற்றடித்திருக்கும்.

நிரஞ்சலா திரைக்கும் மாடிக்கும் ஓடினாள். பதினெட்டு. பதினான்கு. ஒன்றரை ஆயிற்று. வெயிலைக் காணோம். கம்ப்யூட்டர் கூச்சமே இல்லாமல் ஒன்றே முக்கால் என்று மாற்றிச் சொன்னது. பன்னிரண்டு. பதினொன்று.

"என்னம்மா, வாய்தா வாங்குதா?" என்றார் பொன்னையா. சாவி ஜெனரேட்டருக்குள் போயிருந்தது. திருப்பவில்லை.

ஒன்று ஐம்பதுக்கு வெயில் பட்டுக் கூரைத் தகரம் படபடவென்று விரிந்து சத்தம் போட்டது. நிரஞ்சலா திரைக்கு ஓடினாள். பதினொன்று, பதினொன்று... பன்னிரண்டு!

பொன்னையா சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார். "அந்த ரெண்டு ஃபேனையும் எப்ப போடலாம்னு அதுகிட்டயே கேளு. பொம்பளைங்க கை விட்டுப் போச்சு."