லாபத்துக்கு வந்த காக்கை

1952ஆம் வருடம் ஆடி மாதத்திலிருந்து, ஸ்ரீராம்புரத்தில் பிரிஜெட் டீச்சர் பலகையில் என்ன எண் எழுதினாலும் அத்தனை காக்கைகள் அவள் வீட்டு ஓட்டின்மேல் வந்து உட்கார்ந்தன. நாலு என்றால் நாலு. அழித்துவிட்டு ஏழு எழுதினால் இன்னும் மூன்று வந்து சேரும். மூக்கைத் துடைக்கத் தெரியாத பிள்ளைகள்கூடப் பலகையைப் பார்த்து, ஓட்டைப் பார்த்து, ஒரே மாதத்தில் இருபது வரை கற்றுக்கொண்டன. தெருக்காரர்கள் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வாரம் அந்தப் பக்கம் துணி காயப்போடுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

எதிர்வீட்டுப் பச்சைமுத்துவுக்குத்தான் வயிறு எரிந்தது. தரகுப்பேட்டை மண்டியில் முப்பது வருடம் நெல்லும் ராகியும் படியால் அளந்தவர். தோள் இறங்கிப்போன பிறகு வாசலில் புளியங்கொட்டையைக் கொட்டி, பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எழுதத் தெரியாது, தெரிந்தது மண்டிக் கணக்கு. முதல் படியை எந்த அளவுக்காரனும் ஒன்று என்று சொல்லமாட்டான். லாபம் என்பான், அப்புறம்தான் ரெண்டு, மூணு. அவரிடம் படித்த பிள்ளைகளிடம் உனக்கு எத்தனை மூக்கு என்று கேட்டால் லாபம் என்றன. பதினாறு பிள்ளைகள் இருந்த இடத்தில் ஆடி முடிவதற்குள் இரண்டு மிஞ்சின. அந்த இரண்டும் எதிர் ஓட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னண்ணா, உங்க ஓட்டுக்கு ஒரு குருவிகூட வரலியே" என்றார் பால்காரர் கோவிந்தப்பா.

"மாதா கோயிலுக்குப் போறவளுக்குக் காக்காகிட்ட என்ன வேலை? அது நம்ம செத்தவங்க சமாச்சாரம். இதுல ஏதோ இருக்குது."

"காக்காவ யாருன்னா புடிச்சு வெக்க முடியுமாண்ணா? போவுது விடுங்க."

பிள்ளைகள் போனதைக்கூடப் பொறுத்திருப்பார். அவர் மனைவி கன்னியம்மாளுக்கு இடது கால் சற்று இழுக்கும். அவள் இறந்த மறு அமாவாசையிலிருந்து இடது காலை இழுத்துக்கொண்டு ஒரு காக்கை வந்து, அவர் வைத்த சோற்றை எடுத்துப் போனது. அது அவள்தான் என்பதில் பச்சைமுத்துவுக்குச் சந்தேகம் கிடையாது. உலகத்தில் மற்ற எல்லாவற்றிலும் உண்டு. ஆவணியில் ஒருநாள் டீச்சர் ஒன்று என்று எழுத, அந்த ஓட்டில் வந்து உட்கார்ந்தது அந்த நொண்டிக் காக்கை. முப்பது வருடம் குடும்பம் நடத்தியவன் கூப்பிட்டால் மாதம் ஒரு தரம் வருகிறவள், எவளோ இழுக்கும் சாக்பீஸ் கோட்டுக்குத் தினமும் வந்தாள்.

அடுத்த ஞாயிறு டீச்சர் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தார். படியின் வாய் அளவுக்குப் பலகையில் ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தார். அதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. ஸ்ரீராம்புரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் போய்விட்டன. டீச்சர் சைபரை அழித்து ஒன்று எழுதினாள், பத்து எழுதினாள், எதுவும் வரவில்லை. பச்சைமுத்து பதினொரு நாள் நன்றாகத் தூங்கினார்.

பன்னிரண்டாம் நாள் மகாளய அமாவாசை. தெரு முழுக்க இலையில் சோறு வைத்துக் கத்தியது. காக்கை எடுக்காமல் யாரும் சாப்பிட முடியாது. மூன்று மணிவரை பிள்ளைகள் பசியில் அழுதன. பச்சைமுத்துவுக்குத் தொண்டை கட்டிப்போனது. கடைசியில் பழைய படியில் சோற்றை நிரப்பிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

"நான்தாம்மா போட்டேன்."

"தெரியும் பெரியவரே. என் சைபர் அவ்ளோ கோணலா இருக்காது."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா ஒத்துக்கினு இருப்பீங்களா?"

பச்சைமுத்து அவள் வாசலில் இலையைப் போட்டுப் படியைக் கவிழ்த்தார். முப்பது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது: "லாபம்."

இடது காலை இழுத்துக்கொண்டு ஒரு காக்கை வந்து ஓட்டில் உட்கார்ந்தது. டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு "ரெண்டு" என்றாள். இரண்டாவது வந்தது. நாற்பது வரை சொன்னாள், தெரு சாப்பிட்டது.

அதன் பிறகு பதினொரு வருடம், முதல் எண்ணைச் சொல்வது பச்சைமுத்துவின் வேலை, ரெண்டிலிருந்து டீச்சருடையது. 1958இல் வந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் பிள்ளைகள் லாபம், ரெண்டு என்று எண்ணுவதைக் கேட்டு முகம் சுளித்தார். ஓட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நொண்டிக் காக்கை கடைசிவரை டீச்சர் ஓட்டில்தான் உட்கார்ந்தது. பச்சைமுத்து அதற்கு நேர் கீழே முக்காலி போட்டுக்கொண்டார். டீச்சரைக்கூட அந்த இடத்தில் உட்கார விட்டதில்லை.