சட்னி சாப்பிட்டவர்களின் தொலைவு

காதுகுத்து வீட்டில் காலைப் பலகாரம் சாப்பிட்ட முப்பத்தேழு பேருக்கு வாந்தியும் பேதியும் கண்டன. மதியத்துக்குள் அவர்களுடைய கட்டில்கள் தொலைவுக்குப் போகத் தொடங்கின.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஜெபக்கனி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வார்டின் நீளம் இரண்டு ஃபர்லாங். கட்டில்களை யாரும் தள்ளவில்லை. நடுவில் தரைதான் கூடிக்கொண்டிருந்தது.

வாசலில் சொரிமுத்து ஃபோனும் கையுமாக நின்றார். உள்ளே கிடப்பவள் அவர் மனைவி பேச்சித்தாய். மூன்று முறை அவளை நோக்கி நடந்துவிட்டார். நடந்த அளவுக்குத் தரை கூடியது.

ஜெபக்கனி ஃபோனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"காலைல என்னம்மா சாப்ட்டீங்க?"

"நாலு இட்லி, ஒரு வடை, சட்னி. சாம்பார் தொடல."

"இப்ப எப்படி இருக்கு?"

"தாகமா இருக்கு. அவுக ரொம்பச் சின்னதாத் தெரியுறாக. அழுறாகளா?"

"இல்லட்டி," என்றார் சொரிமுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மற்றவர்களையும் ஃபோனிலேயே விசாரித்தாள். எல்லோரும் சட்னி சாப்பிட்டிருந்தார்கள். சொரிமுத்து சாப்பிடவில்லை. ஜெபக்கனி பதினெட்டு வருடமாக நோயாளிகளைப் பக்கத்தில் நின்றுதான் விசாரித்திருக்கிறாள். பக்கத்தில் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

காதுகுத்து வீட்டில் சமையல்காரர் மறைக்கவில்லை. "தேங்கா முந்தின நாளே துருவுனது, மேடம்."

மிச்சச் சட்னியை விதிப்படி நான்கு பாகமாக்கிச் சீல் வைத்தாள். ஒன்றைப் பரிசோதனைக்கும் இரண்டை மேலதிகாரிக்கும் அனுப்பினாள். நான்காவதோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது வார்டு ஒரு மைலைத் தாண்டியிருந்தது.

நர்ஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். "பொழுது சாயுறதுக்குள்ள குடிக்கலைன்னா பிழைக்க மாட்டாங்க."

"யாரு கொண்டுபோறது?"

நர்ஸ் கூடிக்கொண்டிருந்த தரையைக் காட்டினாள்.

ஜெபக்கனி நான்காவது சீலை உடைத்தாள். படிவத்தில் 'மாதிரியின் நிலை' என்ற இடத்தில் 'உண்ணப்பட்டது' என்று எழுதினாள். பிறகு உண்டாள். புளித்திருந்தது.

குடத்தை இடுப்பில் வைத்து ஓர் அடி எடுத்து வைத்தாள். பேச்சித்தாயின் கட்டில் முழங்காலில் இடித்தது.

அந்திக்குள் முப்பத்தேழு பேரும் குடித்தார்கள். குடம் காலியான பிறகுதான் அவளுக்கு வயிறு முறுக்கியது.

"நீங்களும் சாப்ட்டீங்களா?" என்றாள் பேச்சித்தாய்.

"ஆமா."

பேச்சித்தாய் கட்டிலில் ஒதுங்கிப் படுத்து இடம் விட்டாள்.