கம்பளி சுற்றிய வெப்பமானி

1.

தொலைக்காட்சியில் ஒருத்தி, ‘பனி பெய்யலாம், பெய்யாமலும் போகலாம்’ என்றாள். இதைச் சொல்லவா சம்பளம் என்று திட்டினேன். திட்டிய வாயோடு ஷி யுன்ஷியாவின் நினைவு வந்துவிட்டது. கதை பிறந்தது அங்கேதான். நான் அதிகம் படித்தவனில்லை. படித்தவர்களை நம்புகிறவனும் இல்லை. நீங்களும் என்னை அளவோடு நம்புங்கள்.

2.

மேற்குச் சீனத்தில், சிங்ஹாய் மலையில் நாங்கள் சுரங்கப்பாதை குடைந்த காலம். காற்று கத்தியைப்போல

(அந்த வரியை அடித்துவிட்டேன். எல்லோரும் எழுதுகிற காற்று.)

ஷி லாஞ்சோ நகரத்திலிருந்து வந்தவள். சுரங்கத்தைச் சுற்றிப் பாறை எவ்வளவு தூரம் உறையும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. கதை அவளுடையதல்ல, என் கூட்டாளி மா சோங்லுவுடையது. பாறைக்கு வெடி வைக்கிறவன்.

“எவ்வளவு குளிரு வரும் எஞ்சினியரம்மா? ஒரே எண்ணாச் சொல்லுங்க.”

“ஒரே எண் கிடையாது மா அண்ணே. இதுக்கும் அதுக்கும் நடுவுல எங்கயோ.”

“எங்க ஊர்ல ஆட்டு வியாபாரிதான் இப்படிப் பேசுவான்.”

அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவன் தினமும் அதையே கேட்டான். குளிர்காலம் முடிந்தால் அளவுகளைச் சுருட்டிக்கொண்டு அவள் போய்விடுவாள். அது அவனுக்குத் தெரியும்.

3.

வசந்தத்தில் அவள் வரைபடத்தை விரித்தாள். சுரங்க வாயிலில் குளிர் ஏறி இறங்கியிருக்க வேண்டும். கோடு சோம்பேறியாகப் படுத்துக் கிடந்தது. போய்ப் பார்த்தால், அங்கே அவள் வைத்திருந்த வெப்பமானிக்கு யாரோ கம்பளித் துண்டு சுற்றிச் சணலால் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் குளிர் வந்தால் தண்ணீர்க் குழாய்க்கும் சுற்றுவோம், பிறந்த ஆட்டுக்குட்டிக்கும் சுற்றுவோம்.

“யாரு பண்ணது?”

“நாந்தாம்மா. பாவம், வெத்து உடம்போட நின்னுச்சு.”

“அடப் பாவி மனுஷா! குளிரட்டும்னுதானே வச்சேன்! இன்னொரு குளிர்காலம் இங்கயே கெடந்து மறுபடி அளக்கணும்.”

மா தலையைக் குனிந்துகொண்டான். (சிரித்தானா? பக்கத்தில்தான் நின்றேன். தொப்பி மறைத்துவிட்டது.)

4.

அறியாமல் செய்தான் என்று முடிக்கலாம். அவளைப் போகவிடாமல் தடுக்கச் செய்தான் என்றும் முடிக்கலாம். இரண்டாவதையே எழுதி வைத்திருந்தேன். இன்று காலை, எங்கள் பக்கத்து வழக்கப்படி தேநீரில் உப்புப் போடும்போது வேறொன்று உறைத்தது. அந்த வெப்பமானியில் படியும் பனியைத் துடைக்க அவளேதான் அடிக்கடி போவாள். கம்பளி கண்ணில் படாமலா இருந்தது?

அடுத்த குளிர் தொடங்கியதும் அவள் அந்தத் துண்டை அவன் கழுத்தில் போட்டாள். “இத நீங்க சுத்திக்கோங்க. அதுக்கு வேணாம்.”

அந்தக் குளிர்காலமும் முடிந்து, லாஞ்சோ வண்டி வந்து நின்றபோது அவள்

இல்லை, எழுத மாட்டேன். ஏறினாளா என்று என்னைக் கேட்காதீர்கள். இதுக்கும் அதுக்கும் நடுவுல எங்கயோ.