எண்ணெய் அவனுக்கு, பனங்கொட்டை எனக்கு

எங்கள் உமுவாக்கா ஊரில் மரம் ஏறுவது ஆண், சுமப்பது பெண். எண்ணெய்ப்பனையின் குலையை வெட்டித் தள்ளிவிட்டு அவன் இறங்கி வியர்வையைத் துடைத்துக்கொள்வான். அதற்குப் பிறகு எல்லாம் எங்கள் தலையில்தான். குலையைச் சுமந்து வந்து, பழத்தை உதிர்த்து, வேகவைத்து, உரலில் இடித்து, பிழிந்து, சிவப்பு எண்ணெயைத் தனியாக எடுத்துக் கொடுப்போம். எண்ணெய் புருஷனுக்கு. மிஞ்சுகிற கொட்டை பெண்டாட்டிக்கு. அதைக் காயவைத்து, கல்லில் தட்டி உடைத்து, உள்ளிருக்கும் பருப்பை ஆற்றங்கரைச் சந்தையில் விற்பது அவள் பாடு. அதில் வந்ததை என்ன செய்தாய் என்று எந்தப் புருஷனும் கேட்க முடியாது. கேட்டால் ஊர் சிரிக்கும்.

என் பெயர் எனிதியா. புருஷனுக்குத் தோழி என்று பொருள். பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

என் புருஷன் அனோசிகே. எங்களில் ராஜா என்று யாரும் கிடையாது. ஊர்க்காரியம் என்றால் ஊரே கூடிப் பேசும், தொண்டை வறளும்வரை பேசும். வெள்ளைக்காரர் படை வந்து பக்கத்து ஊர்களைக் கொளுத்திய பிறகு, இத்தனை வாயோடு எங்களால் மல்லுக்கட்ட முடியாது, ஒரே ஆள் போதும் என்றார்கள். அனோசிகே அன்றைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவ்வளவுதான் அவன் செய்த சாதனை. அவன் தலையில் ஒரு தொப்பியை வைத்து, இவன்தான் தலைவன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவன் மோசமானவன் இல்லை. மூன்று மனைவிகளில் நான் நடுவில் வந்தவள். என் வீடு தனி, என் அடுப்பு தனி. உப்பு வேண்டுமா, துணி வேண்டுமா, அண்ணன் வீட்டுச் சாவுக்கு ஆடு கொண்டுபோக வேண்டுமா, நான் அவன் கையைப் பார்த்து நின்றதே இல்லை. பனங்கொட்டை இருந்தது. அது இருந்ததால்தான் தொப்பி வைத்தவனுக்கு முன்னாலும் நிமிர்ந்து பேசினேன்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் இமோ ஆற்றில் புகைப்படகு வந்தது. இரும்பு இரும்பாக இறக்கினார்கள். கரையில் தகரக் கூரை போட்டு ஒரு ஆலையை எழுப்பினார்கள். அதைக் கட்டிய வெள்ளைக்காரன் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. வெயில் பட்டால் அவன் காது மிளகாய்ப்பழம்போல ஆகிவிடும், அதனால் சிவந்த காது என்றே கூப்பிட்டோம். அவன் பேச்சை எங்களுக்குச் சொல்ல சாம்சன் என்று ஒரு கடலோரத்து ஆள் கூடவே வருவான்.

ஆலை முடிந்ததும் சிவந்த காது எங்கள் முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தான். நாங்கள் பெண்கள் சுவரோரம் நின்று கேட்டோம்.

"அவர் ஊர்ல ராவும் பகலும் சக்கரம் சுத்துதாம்" என்றான் சாம்சன். "நூல் நூக்கிற சக்கரம், வண்டி இழுக்கிற சக்கரம். எண்ணெய் விடலேன்னா கத்துமாம், தேஞ்சு போவுமாம். சக்கரத்துக்கிட்ட வேலை செய்றவங்க கரி பூசி வீட்டுக்குப் போறாங்களாம், அவங்களுக்குச் சோப்பு வேணுமாம்."

"அதான் எண்ணெய் குடுக்கிறோமே" என்றான் என் புருஷன்.

"பத்தலயாம். நீங்க உரல்ல இடிக்கிறதுல பாதி வீணாப் போவுதாம். இனிமே முழுக் குலையா ஆலைக்கு வரணுமாம். எண்ணெய், கொட்டை எல்லாத்தையும் இயந்திரமே பிரிச்சுக்குமாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் தாத்தாக்கள் ஆற்று முகத்தில் கப்பலை நிறுத்திவிட்டு, நாம் எப்போது எண்ணெய் கொண்டுவருவோம் என்று மாதக்கணக்கில் காத்துக்கிடந்தவர்கள். அங்கே சக்கரம் கூடக் கூட இங்கே பொறுமை குறைந்தது. நடுவில் நின்ற கடலோர வியாபாரிகளைப் பீரங்கி வைத்து ஒதுக்கினார்கள். நம் எண்ணெயைக் குடித்த சக்கரம் துணி நெய்தது, அந்தத் துணியை நமக்கே விற்றார்கள். அதே ஊரின் சக்கரம் துப்பாக்கியும் செய்தது. அதையும் நம்மிடம்தான் கொண்டுவந்தார்கள், விற்பதற்கு அல்ல.

என் புருஷன் சிவந்த காது கொண்டுவந்த சாராயத்தை வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டு ஊர் சார்பாக வாக்குக் கொடுத்தான்.

சிவந்த காது போனதும் நான் அனோசிகே முன்னால் போய் நின்றேன்.

"என்னய்யா செஞ்சே?"

"என்னத்த செஞ்சேன்? மரம் ஆம்பளையோடது. குலையைக் குடுத்தேன்."

"கொட்டை?"

"அது பழத்துக்குள்ளதானே இருக்கு. நான் என்ன, பிதுக்கி எடுத்தா குடுக்க முடியும்?"

"எங்களோடதை வித்திருக்கே. கேட்டியா எங்களை?"

"கேட்டா குடுத்துருவீங்களா?" என்றான். பிறகு குரலை இறக்கி, "அவன்கிட்ட முடியாதுன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா எனி? கரி கூட மிஞ்சாது" என்றான்.

அவன் பயந்திருந்தான். அது எனக்குத் தெரிந்தது. ஆனால் அவனுடைய பயத்துக்கு என் சொத்தைக் கொடுப்பானா?

எக்கெமாவிடம் போனேன். சந்தைப் பெண்கள் கூட்டத்துக்கு அவள்தான் வாய். தகர டப்பாவைத் தட்டினாற்போல ஒரு குரல். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குப்பொடியை உறிஞ்சினாள்.

"அப்ப உன் புருஷன் மேல உக்கார வேண்டியதுதான்" என்றாள்.

ஒரு ஆண் பெண்களுக்கு அநியாயம் செய்தால் ஊர்ப்பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவன் வீட்டு வாசலில் உட்கார்வது எங்கள் வழக்கம். உட்கார்வது என்று பெயர், உட்காரவே மாட்டோம். முகத்தில் சாம்பல் பூசி, தலையில் இளம்பனங்குருத்தைச் சுற்றிக்கொண்டு, ஆடுவோம், பாடுவோம், அவன் பண்ணியதையெல்லாம் பாட்டில் இழுப்போம், உலக்கையால் சுவரை இடிப்போம். தப்பை ஒப்புக்கொண்டு ஏதாவது தண்டம் கொடுக்கும்வரை நகர மாட்டோம். எந்த ஆணும் குறுக்கே வர மாட்டான்.

"இடிக்கப்போறது உன் புருஷன் வீட்டுச் சுவர்டி" என்றாள் எக்கெமா. "நீ உள்ள இருக்கப்போறியா, வெளியில நிக்கப்போறியா?"

"என் உலக்கை உங்க எல்லாரோடதையும் விடக் கனம் ஆத்தா" என்றேன்.

"அடி சக்கை!" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. சுற்றுப்பட்டுப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அனோசிகே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எக்கெமா எடுத்துக் கொடுத்தாள், நாங்கள் வாங்கிப் பாடினோம்:

"பழத்துக்குள்ள கொட்டையாம்,
அதனால அவனோடதாம்!
ஆத்தா வயித்துக்குள்ள இருந்தியே அனோசிகே,
உன்னை யாருக்கு வித்தா அவ?"

உலக்கைகள் சுவரில் விழுந்தன. முதல் குத்து என்னுடையது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளேயிருந்து, "எனி, நீயுமா!" என்று அவன் கத்தியது கேட்டது. நானும்தான். எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்து சிவந்த காது சாம்சனோடு வந்து சேர்ந்தான். நாங்கள் ஆடுவதைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாட்டுக்குத் தகுந்தாற்போலக் காலைத் தட்டினான். தன் ஆலைக்காகத்தான் ஊர்ப்பெண்கள் கூடி ஆடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான், புண்ணியவான். சாம்சனிடம் ஏதோ கேட்டான். சாம்சன் எங்களைப் பார்த்தான், உலக்கைகளைப் பார்த்தான், இடிந்த சுவரைப் பார்த்தான். வெள்ளைக்காரர் பீரங்கி அன்றைக்கு உடைத்தது கடலோர வியாபாரியான அவன் தாத்தாவின் படகுகளைத்தான். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

சிவந்த காது எழுந்து, ஆளை அனுப்பி ஆலையிலிருந்து உப்பு மூட்டைகளைக் கொண்டுவரச் சொன்னான். தன் கையாலேயே எக்கெமாவின் காலடியில் வைத்தான். சிரித்தான்.

பாட்டு நின்றது. எக்கெமா உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"தண்டம் கட்டிட்டான். குத்தத்தை ஒத்துக்கிட்டான். கொட்டை நம்மளோடது. கலைஞ்சு போங்கடி."

உப்பைப் பங்கு போட்டுக்கொண்டு கலைந்தோம். சிவந்த காது தொப்பியைத் தூக்கி எங்களுக்கு வணக்கம் சொன்னான்.

ஆலை திறக்கிற நாள் வந்தது. கரையில் புகை எழுந்தது, இயந்திரம் உறுமியது. ஆண்கள் மரத்தில் ஏறிக் குலையை வெட்டித் தள்ளினார்கள், அவர்கள் வேலை அது. குலைகள் மரத்தடியிலேயே கிடந்தன. ஒரு பெண்ணும் தோப்புப் பக்கம் போகவில்லை. இயந்திரம் வெறும் வயிற்றோடு உறுமி உறுமி ஓய்ந்தது.

அதற்குப் பிறகுதான் சிவந்த காதுக்கு ஆட்டத்தின் அர்த்தத்தை யாரோ சொல்லியிருக்க வேண்டும். காது மட்டுமல்ல, கழுத்துவரை சிவந்து வந்தான். பின்னால் துப்பாக்கியோடு சிப்பாய்கள். அனோசிகேயை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார்கள். ஊரே பின்னால் போனது. நானும் போனேன்.

"பொம்பளைங்க சுமக்கலேன்னா ஆம்பளைங்க சுமக்கணுமாம்" என்றான் சாம்சன், தரையைப் பார்த்துக்கொண்டு. "தலைவரே முதல்ல சுமந்து காட்டணுமாம். இல்லேன்னா இந்த ஊரும் மத்த ஊர் மாதிரி ஆயிடுமாம்."

எங்கள் ஊரில் ஒரு ஆண் தலையில் பனங்குலை ஏறி நான் பார்த்ததில்லை. அனோசிகே குனிந்தான். குலையைப் பிடித்தான். பழுத்த குலை பெரும் பாரம். முழங்கால்வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. தலைச்சுமையைத் தனி ஆளாக ஏற்றிக்கொள்ள முடியாது, இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். ஆண்களுக்கு அது தெரியாது. சுமந்தால்தானே தெரியும்.

அவன் என்னைப் பார்த்தான்.

"எனி, தூக்கிவிடு."

சிப்பாய்களின் துப்பாக்கி அவன் முதுகுக்கு நேராக இருந்தது. என் கை தானாக எழுந்ததை நான் மறைக்கப் போவதில்லை. எத்தனை வருஷப் பழக்கம், யார் தூக்கிவிடு என்றாலும் ஓடிப்போய்க் கை கொடுக்கிற கை. அதை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"தூக்கிவிட மாட்டேன்."

"சுட்டுருவாங்க எனி."

"எண்ணெயைக் கேட்டா உன் வீட்டு வாசல் வரைக்கும் நானே சுமந்துட்டு வர்றேன். இதுல என் கொட்டை இருக்கு. மாட்டேன்."

சிவந்த காது பொறுமையிழந்து தானே குலையைத் தூக்கக் கையை விட்டான். குலை முழுக்க முள். உள்ளங்கையில் ஏறியதும் ஐயோ என்று உதறினான். எக்கெமா வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்தியும் சிரிப்பு வெளியே வந்தது. அப்புறம் தோப்பே சிரித்தது. ஆண்களும் சிரித்தார்கள். ஒரு சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சிவந்த காது கையை உறிஞ்சிக்கொண்டே அனோசிகேயிடம் கத்தினான்.

"அவ உங்க பெண்டாட்டியாம்" என்றான் சாம்சன். "அவளுக்கு நீங்க உத்தரவு போடணுமாம். தலைவர்னு எதுக்கு வச்சிருக்குன்னு கேக்குறாரு."

என் புருஷன் நிமிர்ந்தான்.

"சாம்சா, நான் சொல்றதை அப்படியே சொல்லு. எண்ணெய் என்னோடது. அதை என்கிட்ட கேட்டாரு, குடுத்தேன். கொட்டை அவளோடது. அது எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் குடுத்தேன். அது என் தப்பு. கொட்டை வேணும்னா அவளைத்தான் கேக்கணும்."

சாம்சன் இந்த முறை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். சொல்லும்போது குரல் உயர்ந்திருந்தது.

சிவந்த காது மெதுவாக என் பக்கம் திரும்பினான். வந்த நாளிலிருந்து அவன் என்னைப் பார்த்து எதுவும் கேட்டதில்லை. எங்களில் எந்தப் பெண்ணையும் கேட்டதில்லை. இப்போது கேட்டான். சாம்சன் சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

முடியாது என்றேன்.