பாறைச் சந்து

படகு தன்போக்கில் வட்டமடிக்கத் தொடங்கியபோதுதான் அக்கா தலைநிமிர்ந்தாள். பின்பக்கம் ஐஸ் பெட்டிகளின் மேல் ஈரச் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

“டேய், எங்கடா திருப்புற?”

ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆளையே காணோம். ஓடிப்போய்ப் பார்த்தாள். தம்பி இருக்கைக்குக் கீழே சரிந்து கிடந்தான். ஒரு காலில் மட்டும் செருப்பு. முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்திருந்தது. கை மார்பைப் பிடித்திருந்தது.

“ஒண்ணுமில்லக்கா. யாரோ மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்கு.”

இன்ஜினைக் குறைத்துவிட்டு அவனை இழுத்து ஐஸ் பெட்டியில் சாய்த்து உட்காரவைத்தாள். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். சுற்றிலும் மூடுபனி. புறப்படும்போது இவ்வளவு இல்லை. இப்போது படகின் மூக்குக்கு அப்பால் பால் ஊற்றியதுபோல ஒன்றுமே தெரியவில்லை.

இரண்டு பேரும்தான் அந்தப் படகு, இரண்டு பேரும்தான் அந்த வீடு. அவள் கணவன் கல்யாணமான சில வருடங்களிலேயே போய்ச்சேர்ந்துவிட்டான். தம்பி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தீவுகளில் இருக்கும் கடைகளுக்கு ஐஸ் கொண்டுபோய்ப் போடுவது தொழில். படகை ஓட்டுவது அவன். கயிறு கட்டுவதும், பெட்டி இறக்குவதும், கடைக்காரர்களோடு மல்லுக்கட்டுவதும் அவள். கடைக்காரர்கள் அவனைக் கேப்டன் என்பார்கள். அவளுக்கு ஐஸக்கா என்று பெயர்.

ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு பிடியில் டேப்லெட் மாட்டியிருந்தது. கடலின் வரைபடம் அதில்தான். அது வந்ததிலிருந்து அவளுக்கு அதன்மேல் ஒரு காய்ச்சல். “நான் சொன்னா காதுல ஏறாது. அது காட்டினா மட்டும் தலையாட்டுவ” என்பாள். அவன் சிரித்துக்கொண்டே, “அது திரும்பத் திரும்பச் சொல்லாதுக்கா” என்பான்.

அவசர எண்ணுக்குப் போன் போட்டாள். துறைமுகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு ஆண் குரல் எடுத்தது. வயது அதிகமிருக்காது.

“அம்மா, பதறாதீங்க. உங்க படகு எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியுது. மருத்துவ உதவியோட மீட்புப் படகு கிளம்பிடுச்சு. ஆனா பாறைக்கூட்டத்தைச் சுத்தித்தான் உங்ககிட்ட வரணும். இந்தப் பனியில ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடும்.”

“அவ்வளவு நேரம் தாங்காதுங்க.”

“பாறைச் சந்து வழியா வந்தா சீக்கிரம். எங்க படகு பெருசு, அதுக்குள்ள நுழையாது. இந்தப் பக்கம் வாசல்லயே நிக்கும். ஆனா நீங்க ஓட்டுவீங்களா?”

“பாறைச் சந்து வழியா வரச் சொல்றாங்கடா” என்றபடி அவள் தம்பியைப் பார்த்தாள். அந்தச் சந்தில் அவள் ஒருநாளும் போனதில்லை. இருபக்கமும் தண்ணீருக்கடியில் பாறை. அந்தப் பக்கமே போகக்கூடாதென்று அவனிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

“போலாம்க்கா” என்றான் அவன். “நீ இல்லாதப்ப நான் இதுலதான் போவேன்.”

“அடப்பாவி!”

“அதான் சொல்லல.”

அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டாள். திரையில் ஒரு சின்ன அம்பு, அதுதான் படகு. வெள்ளையாய் இருப்பது ஆழம், நீலம் ஆழம் குறைவு, பச்சை வற்றினால் வெளியே தெரியும் தரை என்பது அவன் பேசக் கேட்டுக் கேட்டே மனதில் இருந்தது. பாறைக்கூட்டத்துக்கு நடுவில் வெள்ளையாய் ஒரு பட்டை தெரிந்தது. அகலமாகத்தான் இருந்தது. பயந்த அளவுக்கு இல்லையே என்று நினைத்தாள்.

“பெருசாக்கிப் பாரு” என்றான் பின்னாலிருந்து. “சின்னதா வச்சா பாதிப் பாறையைக் காட்டாது.”

விரல்களால் விரித்தாள். திரை அசையவில்லை, எங்கோ தாவியது. விரல் ஈரம். உடம்பில் காய்ந்த துணி எதுவுமில்லை. காதோரத்து முடியில் துடைத்துக்கொண்டு மறுபடி விரித்தாள். வெள்ளைப் பட்டைக்குள் ஒவ்வொன்றாகப் பாறைக் குறிகள் முளைத்தன. கூடவே மெல்லிய கோடுகளும். அவன் முன்பு போய்வந்த தடங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு சந்துக்குள் வளைந்து வளைந்து போயின.

“கோடு தெரியுதா? அதை விடாத. அம்பு கொஞ்சம் மெதுவாத்தான் திரும்பும். அது திரும்பற வரைக்கும் காத்திருக்காத, முன்னாடியே ஒடிச்ச ஸ்டியரிங்கை நேராக்கிடு.”

“சரி. நீ பேசாம இரு. மூச்சு வாங்குது பாரு.”

“பேசாத பேசாதன்னு வாழ்க்கை பூரா சொல்லியாச்சு.”

உள்ளே நுழைந்தாள். இடதுபக்கம் எங்கோ மிக அருகில் அலை கல்லில் மோதும் சத்தம் கேட்டது. பார்க்க முடியவில்லை. காது ஒரு பக்கம் இழுத்தது, திரை இன்னொரு பக்கம் போகச் சொன்னது. அவள் திரையை நம்பினாள். அம்பு கோட்டின்மேல் ஏறியது, விலகியது, மறுபடி ஏறியது.

“இப்ப வலப்பக்கம் பெரிய வளைவு வருதுடா.”

“ம்.”

“இவ்வளவு திருப்பினா போதுமா?”

“இன்னும்.”

திருப்பினாள். கண்ணாடியில் பனி நீராய் வழிந்தது.

“அப்புறம் எந்தப் பக்கம்? ரெண்டு கோடு பிரியுதே. டேய்?”

பதில் இல்லை.

“டேய் தம்பி. எதுல போகணும்?”

அலைச் சத்தம் மட்டும் வந்தது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. இந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுத்தால் அம்பு எங்கே போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்ஜினை நிறுத்தினாலும் நீரோட்டம் பாறைமேல் கொண்டுபோய்ச் சாத்திவிடும். அவள் திரும்பவில்லை. கோடுகள் அதிகமாய் அடர்ந்திருந்த பக்கத்தில் படகை விட்டாள்.

“அம்மா, சரியாத்தான் வர்றீங்க” என்றது போனில் குரல். “தம்பி பேசறாரா?”

அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள்.

“பேசறான்.”

“அவரைப் பேசவச்சுக்கிட்டே இருங்க.”

“சரிங்க.”

அதன்பிறகு அவள்தான் பேசினாள். “இதோ பாரு, நீலம் வருது, நான் ஒதுங்கிட்டேன். இங்க எப்படிடா தனியா வருவ? கொஞ்சமாவது பயம் இருக்கா உனக்கு? வீட்டுக்கு வா, உன்னை வச்சுக்கறேன்.” ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் பதிலுக்கு வேண்டிய இடம் விட்டாள். பிறகு அடுத்ததைச் சொன்னாள்.

திரை முழுக்க வெள்ளையானது. முன்னால் பனிக்குள் ஆரஞ்சு நிற விளக்கு ஒன்று சுழன்றது. அவள் இன்ஜினைக் குறைத்துவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். அப்புறமும் கொஞ்ச நேரம் முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் திரும்பினாள்.

தம்பியின் தலை பெட்டிமேல் சாய்ந்திருந்தது. தூங்கும்போது வாயை லேசாகத் திறந்துவைத்திருப்பான். இப்போதும் அப்படித்தான்.

மீட்புப் படகிலிருந்து இரண்டு பேர் தாவி ஏறினார்கள். நெடுநேரம் மாற்றி மாற்றி அவன் நெஞ்சை அமுக்கினார்கள். ஐஸ் பெட்டியைப் பிடித்தபடி அவள் நின்றாள். ஒருவர் கடைசியில் எழுந்து முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“எப்பலேந்து பேச்சு இல்லம்மா?”

“சந்துக்கு நடுவுல.”

அவர் போனைப் பார்த்தார். இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. அந்தப் பக்கம் இளைஞன் தொண்டையைச் செருமினான். அவரே எடுத்து அணைத்தார்.

கரையில் ஆம்புலன்ஸ் நின்றது. படகுத்துறைக் காவலாளி அவளுக்கு ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“யாருக்காவது சொல்லணுமா, அக்கா?”

அவள் யோசித்தாள். மனதுக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடிப் பார்த்தாள்.

“தீவுக் கடைக்காரங்களுக்குச் சொல்லணும். ஐஸ் வராதுன்னு.”

“அது நான் சொல்லிக்கறேன். கூட யார் வர்றாங்க?”

“நான்தான்.”

வண்டிக்குள் ஒரு மடக்கு இருக்கை இருந்தது. அதில் உட்கார்ந்து, தம்பியின்மேல் போர்த்திய போர்வை நழுவாமல் ஒரு கையை வைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. கடைத்தெருவுக்குள் வரும்வரை அவளுக்கு என்னவோ குறைவதாகப் பட்டது. பிறகு புரிந்தது. சைரன் போடவில்லை.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. மற்ற வண்டிகளோடு வண்டியாக ஆம்புலன்ஸும் நின்றது. பக்கத்தில் பைக்கில் வந்தவன் குனிந்து, ஆம்புலன்ஸின் கறுப்புக் கண்ணாடியில் முகம் பார்த்து, கலைந்த தலையைக் கையால் கோதிக்கொண்டான். உள்ளே அவன் முகத்துக்கு நேர் எதிரே அவள் முகம் இருந்தது. பச்சை விழுந்ததும் அவன் முந்திக்கொண்டு போய்விட்டான்.