சின்னவள் அவிழ்த்த கட்டு

என் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இப்போது முழுசாக இருக்கின்றன. நடுவில் உள்ள மூன்றும் பாதியோடு நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரி வந்து, "உயிர் தப்பிச்சுதே, அதுவே பெரிசு" என்றாள். ஆறுதல் சொல்ல வந்தவளைத் திட்ட முடியாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். அடுத்த வாரம் வேலையும் போய்விட்டது. அப்போது அவள் வரவில்லை.

எனக்குச் சலவை ஆலையில் வேலை. ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் இடம் அது. துவைத்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறி, கொதிக்கிற உருளைக்குக் கொடுக்க வேண்டும். அது உள்ளே இழுத்துத் தேய்த்து மறுபக்கம் தள்ளும். ஒரு முனையில் நான் நிற்பேன், மறுமுனையில் என் ஓரகத்தி. அவளை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்பார்கள், என்னைப் பெரியவள் என்பார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் குப்பை கொட்டுகிறோம். அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான்.

உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி இருக்கும். விரல் பட்டால் மெஷின் அப்படியே நின்றுவிடும். கை உள்ளே போகாமல் இருக்க வைத்தது. ஆனால் அந்தக் கம்பிக்கு விரல் எது, விரிப்பின் தடித்த ஓரம் எது என்று தெரியாது. ஓரம் கொஞ்சம் மடங்கி வந்தாலும் நின்றுவிடும். அதனால் நாங்கள் அதற்கு வைத்த பெயர் மாமியார். அசைந்தால் குற்றம், நிமிர்ந்தால் குற்றம் என்று வேலையை நிறுத்துகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு பட்டை கிழித்து, அந்தக் கம்பியை மெஷினின் காலோடு இழுத்துக் கட்டிவிடுவோம். கட்டிவிட்டால் எது பட்டாலும் நிற்காது. காலையில் உள்ளே நுழைந்ததும் முதல் வேலை அதுதான். "மாமியாரைக் கட்டியாச்சா?" என்று ஒருத்தி கேட்பாள், எல்லோரும் சிரிப்போம்.

எங்கள் சூப்பர்வைசர் ஒருநாளும் கட்டு என்று வாயால் சொன்னதில்லை. அவன் பேசுவதே ஒரே ஒரு வார்த்தைதான், "ஓடட்டும்." மெஷின் நின்றால் பின்னால் வந்து நிற்பான். "ஓடட்டும், ஓடட்டும்" என்பான். அதனால் அவன் பெயரே ஓடட்டும் ஆகிவிட்டது. கழித்துப்போட்ட விரிப்புகளைத் தன் கையாலேயே பட்டை பட்டையாகக் கிழித்து, காலையில் மேஜைமேல் போட்டுவிட்டுப் போவான். எதற்கு என்று யாரும் கேட்க மாட்டோம். கட்டாமல் ஓட்டிய ஒருத்தியை அந்த மாதமே வேண்டாம் என்று அனுப்பிவிட்டான். அதற்கப்புறம் யாருக்கும் வாய் திறக்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு ஒரு விரிப்பின் முனை என் விரல்களில் சுற்றிக்கொண்டது. அவ்வளவுதான். விரிப்போடு கையும் போயிற்று. கத்தினேனா என்றுகூட நினைவில்லை. சின்னவள் கத்தியது மட்டும் கேட்டது. அவள்தான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். மற்றவர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரிக்குச் சின்னவள் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தாள். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, ஒண்ணும் பயப்படாதே. கம்பியில இருந்த கட்டை அவுத்து அழுக்குத் துணி மூட்டையில போட்டுட்டேன். மத்தவங்களும் அவங்கவங்க மெஷின்ல அவுத்துட்டாங்க. கட்டி ஓட்டினேன்னு உன்மேல யாரும் பழி போட முடியாது."

"நல்ல வேலை பண்ணே" என்றேன். மருந்து மயக்கத்தில் சொன்னதில்லை அது. தெளிவாக இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் முதலில் கட்டைத்தான் அவிழ்த்திருப்பேன். தப்பு நடந்தால் அது நம் தலையில்தான் விடியும் என்று பழகிப்போன புத்தி வேறு எப்படி வேலை செய்யும்?

அவள் அவிழ்த்த பிறகுதான் கம்பெனி ஆட்கள் வந்து படம் எடுத்திருக்கிறார்கள். எல்லா மெஷினிலும் கம்பி ஜோராக நின்றிருக்கிறது. கை வைத்துப் பார்த்தார்கள், மெஷின் நின்றது. கடைசியில் எனக்கு வந்த உத்தரவில் இருந்தது இதுதான்: பாதுகாப்புக் கம்பி சரியாக இருந்தது, மெஷின் ஓடும்போது பக்கவாட்டில் கையை விட்டது என் கவனக்குறைவு, ஆகவே நஷ்டஈடு கிடையாது, வேலையும் கிடையாது.

அதைப் படித்ததும் சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை.

"உனக்காகத்தானேக்கா அவுத்தேன்" என்றாள்.

"தெரியும்டி. அது தெரிஞ்சதாலதான் உன்னை இன்னும் கொல்லாம வெச்சிருக்கேன்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஓவென்று அழுதுவிட்டாள்.

தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரைப் பிடித்தோம். நல்ல மனிதர், பொய் நம்பிக்கை கொடுக்கத் தெரியாதவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "கட்டி ஓட்ட வெச்சது அவங்கதான்னு ஒரே ஒரு சாட்சி சொன்னாப் போதும்மா, கேஸ் நம்ம பக்கம் திரும்பிடும்" என்றார். அன்று உருளைக்கு மறுபக்கம் விரிப்பை மடிக்க நின்றவர்களைப் போய்ப் பார்த்தேன். ஒருத்தி, "நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னேன்க்கா" என்றாள். இன்னொருத்தி கதவையே திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தம் மட்டும் சட்டென்று குறைந்தது. கூட நின்று சிரித்தவர்கள்தான் எல்லோரும். எனக்கு வயிறு எரிந்தது. மிச்சம் இருந்தது சின்னவள் மட்டும்தான்.

"சாட்சி சொன்னா அவளை வேலையை விட்டு எடுப்பாங்களா?" என்று சங்கத்துக்காரரிடம் கேட்டேன்.

"சாட்சி சொன்னதுக்காக எடுக்கக் கூடாது, அது சட்டம். ஆனா கட்டை அவுத்தேன்னு அவங்களே சொல்லணுமே. மெஷின்ல கை வெச்சாங்கன்னு அதைப் பிடிச்சுக்குவாங்க. அதையும் எதுத்துப் போராடலாம். நாளாகும்."



எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பெயிண்டர். சுவர் கிடைத்தால் வேலை, மழை பெய்தால் தூக்கம். கொழுந்தன் வேலை செய்த கடையை மூடிவிட்டார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்து உலக நாடுகளுக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு, எனக்குக் கல்லூரியில் ஒருத்தி. மாதம் பிறந்தால் தவறாமல் வந்தது எங்கள் இரண்டு பேர் சம்பளம்தான். இப்போது அவளுடையது மட்டும்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க" என்று ஒருநாள் கொழுந்தன் ஆரம்பித்தார். "அவ பேசினா அவளும் வீட்டுல உக்காரணும். அப்புறம் நாம நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு இருக்க வேண்டியதுதான்."

"என் கை போச்சு தம்பி. அதுக்கு நியாயம் வேண்டாமா?"

"வேணும்தான். அதைச் சமைச்சா சாப்பிட முடியும்?"

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டம்ளரை வீசினேன். இடது கை என்பதால் குறி தப்பி, சுவரில் போய் விழுந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். சின்னவள் மட்டும் வந்து தண்ணீரைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "நான் சொல்றேன்க்கா" என்றாள். "என்ன ஆனாலும் ஆகட்டும். அவுத்தது நான். நானே சொல்றேன்."

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சந்தேகம். பின்வாங்கிவிடுவாளோ? சமையலறையில் பாத்திரம் விழுந்தால்கூட அவள் மனசு மாறிவிட்டதோ என்று எட்டிப் பார்ப்பேன். அவள் மாறவில்லை. தனியாக நின்று முணுமுணுத்துச் சொல்லிப் பழகுவதைக்கூடப் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. நாமும் ஜெயிப்போம் என்ற நினைப்பும் முதல்முறையாக வந்தது.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. சின்ன அறை. காகிதம் பறக்காமல் இருக்க அதிகாரியம்மா மூக்குக்கண்ணாடிக் கூட்டை மேலே வைத்திருந்தார். ஒரு பக்கம் நான், சின்னவள், சங்கத்துக்காரர். எதிரில் மேனேஜர், வக்கீல், ஓடட்டும். ஓடட்டும் அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரி, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

சின்னவளைக் கூப்பிட்டதும் வக்கீல் எழுந்தார்.

"ஒரே ஒரு விஷயம் மேடம். மெஷினோட பாதுகாப்புல யார் கை வெச்சிருந்தாலும், கட்டினாலும் சரி, அவுத்தாலும் சரி, அது வேலைய விட்டு எடுக்கற குத்தம். சாட்சிக்கு இது தெரிஞ்சிருக்கணும்."

"மிரட்டாதீங்க" என்றார் அதிகாரியம்மா.

"மிரட்டல மேடம். விதியைச் சொல்றேன்."

மேனேஜர் மரியாதையாகத் தண்ணீர் பாட்டிலைச் சின்னவள் பக்கம் நகர்த்தினார். அவள் குடித்தாள். பாதி தண்ணீர் மேலே சிந்தியது.

"அன்னைக்கு... நானும் அக்காவும்தான் முன்னால நின்னோம். அந்தக் கம்பி..."

நான் எதிரில் இருந்த மூன்று முகங்களையும் பார்த்தேன். பயம் இருக்கும் என்று நினைத்துத்தான் பார்த்தேன். பயமே இல்லை. வக்கீல் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஓடட்டும் பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நிதானமாக இருந்தான். அவள் சொல்லப் போவது அவர்களுக்கு முன்பே தெரியும். அவள் சொல்லட்டும், கட்டியதும் அவிழ்த்ததும் நீங்களேதான் என்று திருப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தியை அனுப்ப வந்த இடத்தில் இரண்டு பேரும் கிடைத்தால் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

அடுப்பு, பிள்ளைகள், கொழுந்தன் சொன்னது எல்லாம் ஒரே சமயத்தில் கண்முன் வந்து நின்றன. நான் எழுந்துவிட்டேன்.

"கம்பி கட்டல மேடம். சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் பக்கத்துல கையை விட்டேன்."

சங்கத்துக்காரர் என் புடவையைப் பிடித்து இழுத்தார். சின்னவள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரியம்மா. "இத்தனை நாள் வேற சொன்னீங்க."

"பொய் சொன்னேன் மேடம். மெஷின்ல ஒரு குறையும் இல்ல."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் புரிந்ததை எழுத முடியாது, சொன்னதைத்தான் எழுத முடியும். எழுதினார். நான் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் சங்கத்துக்காரர், "ஏம்மா இப்படிப் பண்ணீங்க? ஜெயிச்சிருக்கலாமே" என்றார்.

"ஜெயிக்கிற வரைக்கும் சாப்பிடணுமே சார்."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பாவம், அவரையும் அவமானப்படுத்திவிட்டேன்.

பஸ்ஸில் சின்னவள் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கி வீட்டுத் தெருவுக்குள் நடக்கும்போதுதான் பொரிந்து தள்ளினாள்.

"எவ்வளவு கஷ்டப்பட்டு மனசத் திடம் பண்ணிட்டு வந்தேன் தெரியுமா? உன்னை யாருக்கா குறுக்க வரச் சொன்னது? எனக்குன்னு ஒரு தடவை நல்லது பண்ண விடமாட்டியா?"

"வேலை போயிருக்கும்டி."

"போகட்டுமே! உன் கை போனதை விடவா?"

அவளை இழுத்து அணைத்துக்கொள்ளத் தோன்றியது, செய்யவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் கொழுந்தன் எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டார். என்றைக்கும் இல்லாத மரியாதை அது. நான் அதில் உட்காரவில்லை.

ஆனாலும் அன்று படுக்கும்போது மனசு ஒரு மாதிரி அமைதியாக இருந்தது. என் கை போனது போனதுதான். இவளையாவது காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சின்னவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னடி என்று கேட்டேன்.

"என்னை உன் இடத்துல நிக்க வெச்சுட்டாங்கக்கா. நான் நின்ன முனைக்குப் புதுசா ஒருத்தியைப் போட்டிருக்காங்க. இன்னைக்கும் கட்டித்தான் ஓட்டினோம்."

"பயமா இருக்கு, முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அதுக்கு ஓடட்டும் சிரிக்கிறான். 'என்னம்மா பயம்? மெஷின்ல ஒரு குறையும் இல்லன்னு உங்க அக்காவே அதிகாரி முன்னால கையெழுத்துப் போட்டுச் சொல்லிட்டாங்களே'ங்கறான்."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று உட்கார்ந்திருந்தாள்.