ஓட்டை போடாத ரேடியோ

நார்மனின் பச்சை ஸ்போர்ட்ஸ் கார் 1966ஆம் வருடத்தது. அதில் ரேடியோ கிடையாது. கிரிக்கெட் வர்ணனை கேட்க முடியாவிட்டால் வேல்ஸ் கடற்கரைக்கு அந்தக் காரில் வரமாட்டேன் என்று மனைவி பெரில் சொல்லிவிட்டாள்.

கார் ரேடியோ விற்கும் கடைக்காரன் பெரிய செட்டைக் காட்டி, ஸ்பீக்கரைக் கதவில் பதிக்கலாம் என்றான்.

"கதவுல ஓட்டை போட்டா பழைய கார் கண்காட்சியில மார்க்கக் குறைச்சிடுவாங்க" என்றார் நார்மன்.

"இத்தன வருஷத்துல ஒரு கோப்பைகூட வாங்கல. இனிமே என்னத்தக் குறைக்கப் போறாங்க?" என்றாள் பெரில்.

கடைசியில் சின்ன செட் ஒன்றை வாங்கி, டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்டார். ஸ்பீக்கர்களைப் பெட்டியில் அடைத்து இருக்கைக்குப் பின்னால் வைத்தார். வீட்டு வாசலில் போட்டுப் பார்த்தபோது கணீரென்று கேட்டது. எஞ்சினையும் ஓடவிட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காரின் துணிக் கூரையை மடித்துவிட்டுக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் காற்றும் எஞ்சினும்தான் கேட்டன.

"ஸ்கோர் என்ன?" என்று கத்தினார் நார்மன்.

"உன் எஞ்சினையே கேளு. வண்டிய ஓரங்கட்டு."

நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் வர்ணனை தெளிவாகக் கேட்டது. தூறல் விழவே கூரையை மூடினார்கள். பெரில் பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றினாள். ஆட்டம் முடியும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்து கேட்டார்கள். கடற்கரைக்குப் போக நேரமில்லை.

காரைத் திருப்பும்போது பெரில் சொன்னாள்: "அடுத்த வாரமும் இங்கயே நிறுத்து."